கோணி போர்த்திய பெயர்

வாருங்கள், ஒரு திருட்டைப் பார்க்க வாருங்கள். அவசரப்பட வேண்டியதில்லை, திருடியவர்கள் ஓடிப்போகவில்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வசதியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை, பீரோ திறக்கவில்லை, தெருநாய்கூட ஒருமுறை குரைக்கவில்லை. பட்டப்பகலில், உறவினர் அத்தனை பேரும் பார்த்திருக்க, ஒரு பெண்ணிடமிருந்து அவளுடைய பெயரைப் பறித்துக்கொண்டார்கள். பறிகொடுத்தவளே அவர்களுக்குத் தேநீரும் ஊற்றிக் கொடுத்தாள். பார்த்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவேதான் சாட்சிக்கு நீங்கள் வர வேண்டியிருக்கிறது.

நடந்தது இது. மணமாகி வந்த முதல் நாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் என்பது பெண் பார்க்கப் போனபோதே தெரிந்த செய்திதான். அன்று அது வேடிக்கையாக இருந்தது. "பொருத்தம்னா இப்படில்ல இருக்கணும்!" என்று இரண்டு பக்கமும் சிரித்தார்கள். பெண் வீட்டுக்குள் வந்த பிறகு வேடிக்கை சட்டமாயிற்று.

"ஒரு வீட்டுல ஒரு பேரு ஒருத்திக்குத்தான்," என்றாள் மாமியார். "மாமியார் பேரை மருமக வாயால சொல்றதும் இல்ல, அந்தப் பேரைச் சொல்லி மருமகளைக் கூப்பிடுறதும் இல்ல. நாளைக்கு என் புள்ள உன் பேரைச் சொல்லிக் கத்தினான்னு வை, அது யாரைக் கத்தினதா ஆகும்?"

"கத்தாம இருந்துடலாமே அத்தை," என்றாள் மருமகள்.

கூடம் சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார்தான் தீர்ப்பை வாசித்தார். "இதுல என்ன பெரிய வழக்கு? 'சின்னவ'ன்னு கூப்பிட்டுக்குவோம். முடிஞ்சுது. ரைட், ரைட்!"

வண்டி கிளம்பிவிட்டது. அவளை இறக்கிவிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. புதுக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். இரண்டு கண்ணாடிகள் உரசிக் கீறிக்கொள்ளாமல் நடுவில் காகிதம் செருகி அடுக்குவது அவன் தொழில். வீட்டிலும் அதையே செய்தான். "பேருதானே, விடேன்," என்று மெதுவாகச் சொன்னான்.

பேருதானே! அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியுமா? அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். மகள் பிறந்தபோது உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பெயரைக் கொண்டுவந்து நின்றார்கள்: போய்ச் சேர்ந்த அத்தையின் பெயர், யாரும் பார்த்திராத கொள்ளுப்பாட்டியின் பெயர். "எல்லாம் யாரோ உடுத்திக் கழட்டிப் போட்டது. என் பொண்ணுக்குப் புதுசு வேணும்," என்றார் அவர். சரக்கு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது, தனியாக, ஒவ்வொரு பெயராக உரக்கச் சொல்லிப் பார்த்தார். இன்ஜின் இரைச்சலில் அமுங்கிப் போன பெயரையெல்லாம் ஜன்னல் வழியே வீசிவிட்டார். இரைச்சலை மீறி எது கேட்டதோ அதைக் கொண்டுவந்து குழந்தைக்கு வைத்தார். பிறகு பெயின்டரை அழைத்து, லாரியின் நெற்றியில், நீலத் தகரத்தின்மேல் மஞ்சள் எழுத்தில், முழ உயரத்துக்கு எழுதினார். அவள் வளர்ந்த தெருவில் லாரி திரும்பும்போதெல்லாம் பிள்ளைகள் முன்னால் ஓடிவருவார்கள். "ஏய், உன் பேரு வருதுடி!" என்று கத்துவார்கள். தன் பெயர் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

மணமான பின் அந்த லாரி முதல்முறையாக மருமகளின் புது வீட்டு வாசலில் வந்து நின்றது. மாமனார் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்தார்.

"என்ன சம்பந்தி இது? என் வீட்டுக்காரி பேரை நெத்தியில ஒட்டிக்கிட்டு ஊர் ஊரா சுத்துறீங்க?"

"என் பொண்ணு பேருங்க சம்பந்தி."

"உங்க தெருவுல உங்க பொண்ணு பேரு. இந்தத் தெருவுல அது என் பொண்டாட்டி பேரு. நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?"

மலைப்பாதையில் எதிரே வந்த எந்த வண்டிக்கும் வழிவிட்டு ஒதுங்கத் தயங்காத, ஆனால் எவனுக்கும் பயந்து ஒதுங்காத மனிதர் அவளுடைய அப்பா. பெண்ணைப் பெற்றவர் என்ற ஒரே குற்றத்துக்காக அன்று தலை குனிந்தார். லாரிக்குள் கிடந்த கோணிப்பையை எடுத்து, முன்பக்கம் ஏறி, மகளின் பெயர்மேல் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டினார். அதன்பிறகு எப்போது வந்தாலும் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக் கோணியைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அது மட்டுமா? பெயர் சொல்லி வாய் நிறையக் கூப்பிடுகிறவர், அந்த வீட்டு வாசலில் நின்று "அம்மாடி" என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். கோணி லாரியின் நெற்றியோடு நிற்கவில்லை. அப்பாவின் வாய்க்கும் வந்து சேர்ந்தது.

இந்தக் கொடுமையில் ஒரு கேலியும் ஒளிந்திருந்தது. பெயரே இல்லாமல் போன இவளுக்கு, நாள் முழுதும் பிறர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் வேலை. ஒரு கண் மருத்துவமனையில், காத்திருப்போர் கூடத்துக்கும் பரிசோதனை அறைக்கும் நடுவே உள்ள வாசலில் நிற்பாள். கையிலிருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அழைப்பாள். அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆள் எழுந்து பதில் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தன் பெயரைத் தன் வாயாலேயே மறுபடி சொல்ல வேண்டும். அப்புறம்தான் கண்ணில் சொட்டு மருந்து. முன்பு ஒருமுறை யாரோ கையை அசைத்துக் கூப்பிட, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வந்து, ஒருவருக்கான மருந்து இன்னொருவர் கண்ணில் விழுந்துவிட்டது. அன்று வந்தது அந்தக் கண்டிப்பு.

பெயரைக் கூப்பிட்டதும் மனிதர்கள் எழுந்திருக்கும் விதத்தை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊதினால் பறந்துவிடுவார் போன்ற ஒரு மனிதருக்கு, யானையைக் கட்டி இழுக்கிறவனுக்கு வைக்க வேண்டிய பெயர். கூப்பிட்டதும் கூடமே ஒரு பயில்வானை எதிர்பார்த்துத் திரும்பும். "நான்தாங்க. சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா உள்ள வர்றேன்," என்பார். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி முன்னதாகவே வந்து காதோடு கெஞ்சுவாள்: "அக்கா, என் பேரை மெதுவா கூப்பிடுங்க. என் கிளாஸ் பசங்க உட்கார்ந்திருக்காங்க. இன்னிக்குக் கேட்டாங்கன்னா வருஷம் பூரா ஓட்டுவாங்க." இன்னொரு பெண் எழுந்திருக்கவே தயங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது எங்க அக்கா பேரு. அவ சின்ன வயசுல செத்ததும் அடுத்துப் பிறந்த எனக்கு வச்சுட்டாங்க. யாராவது கூப்பிட்டா முதல்ல அவ எழுந்திருக்கட்டும்னு இருக்கும்," என்றாள். பெயர் என்பது சுமக்க வைக்கும் சுமையாகவும் இருக்கிறது, போர்த்திக்கொள்ளும் போர்வையாகவும் இருக்கிறது. மருமகளுக்கோ சுமையும் இல்லை, போர்வையும் இல்லை. மருத்துவமனையில் அவள் சிஸ்டர். வீட்டில் அவள் சின்னவ.

அப்படியிருக்க அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். மாமியார் குழந்தையைக் கையில் வாங்கிய கணமே உத்தரவு போட்டுவிட்டாள்.

"அப்படியே என் ஜாடை. இவளுக்கு என் பேருதான்."

எல்லாரும் மகிழ்ந்தார்கள். நாத்தனார் கைதட்டினாள். மாமனார் "ரைட்!" என்றார். கட்டிலில் கிடந்த தாய்க்கு மட்டும், தையல் போட்ட இடத்தைவிட வேறொன்று அதிகமாக வலித்தது. எந்தப் பெயரை இந்த வீட்டில் வைத்துக்கொள்ளாதே என்று அவளிடமிருந்து பிடுங்கினார்களோ, அதே பெயரை அவள் வயிற்றிலிருந்து வந்தவளுக்குச் சூட்டப் போகிறார்கள். அந்தப் பெயரை உச்சரிக்க இந்த வீட்டில் எல்லாருக்கும் உரிமை வரும், பெற்றவள் ஒருத்தியைத் தவிர.

பேச்சைத் தள்ளிப்போட்டாள். குழந்தை "பாப்பா" என்ற பொதுப்பெயரிலேயே தவழத் தொடங்கியது. அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு, உறவினரைக் கூட்டிப் பெயரை அறிவித்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் குறித்தார்கள். நாள் குறித்த அன்றே மாலை, வேலை முடிந்ததும் அவள் நேரே கணவனின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவன் மேசைமேல் பெரிய கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கோடு கீறிக்கொண்டிருந்தான்.

"அம்மா ஆசைப்படுறாங்க," என்றான், நிமிராமல்.

"அது என் பேருங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். உன் பேரை வச்ச மாதிரியும் ஆச்சு, அம்மா பேரை வச்ச மாதிரியும் ஆச்சு. உனக்கு லாபம்தானே?"

"என் பொண்ணை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?"

"பாப்பான்னு."

"அவ காலேஜுக்குப் போறப்ப?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பெரிய பாப்பான்னு."

"அவளுக்குப் பேரன் பிறக்குறப்ப?"

"எதுக்கு இப்போ அவ்வளவு தூரம் போற? பேருதானே..."

"பேருதானேன்னா உங்க அம்மாவை விடச் சொல்லுங்களேன். எப்பவும் விட வேண்டியவ நான் ஒருத்திதானா? உங்க அம்மா கிட்ட இருந்தா அது மானம், என்கிட்ட இருந்தா அது வெறும் பேரா?"

வெட்டுக்கோல் வழுக்கியது. கண்ணாடி கோட்டை விட்டு விலகி, மூலைக்கு மூலை விரிசல் விட்டது. கணவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நடுவில் செருகக் கையில் காகிதம் இல்லை.

ஞாயிறு வருவதற்கு முன்பே மாமியாரின் கண் வந்து நின்றது. வலது கண்ணில் பல மாதங்களாகப் புகை மூட்டம். எதிரே வருகிறவர் ஆணா பெண்ணா என்பதே குத்துமதிப்பு. மருமகள் வேலை செய்யும் மருத்துவமனைக்கே மாமனார் அழைத்து வந்தார். குழந்தையை நாத்தனார் பார்த்துக்கொண்டாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. மருமகள் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தாள். அடுத்த சீட்டில் அந்தப் பெயர். தன் பெயர். மாமியார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் வாயால் சொல்லாத பெயர்.

கண்ணை உயர்த்தினாள். கடைசி வரிசையில் இருந்த மாமனார் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கூட்டம் நிறைந்த பேருந்தில் ஓட்டுநருக்குச் சாடை காட்டுவதுபோல் கையை அசைத்தார்: கூப்பிடாதே, கையைக் காட்டு, நாங்களே வந்துவிடுகிறோம். பக்கத்தில் மாமியார் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கையைக் காட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் வந்தவர் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைத்தவள், இந்த ஒருத்திக்கு மட்டும் ஏன் ஊமையாக வேண்டும்? யாருடைய மானத்தைக் காப்பாற்ற? நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். இன்ஜின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமென்று தேர்ந்தெடுத்த பெயர் அல்லவா? கூடத்தின் இரைச்சல் எம்மாத்திரம்! கூப்பிட்டாள்.

மாமனார் நெற்றியில் கைவைத்தார். மாமியாரிடம் ஓர் அசைவும் இல்லை.

கோபம் என்று நினைத்தாள் மருமகள். இன்னும் உரக்க, மறுபடி கூப்பிட்டாள். கூட்டத்தில் தலைகள் இங்குமங்கும் திரும்பின. மாமியாரின் தலையும் திரும்பியது. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து, யாரைக் கூப்பிடுகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள்!

"உன்னைத்தான்," என்று மாமனார் முழங்கையால் இடித்தார்.

"யாரை?"

"உன்னைத்தான்டி கூப்பிடுறா."

"என்னையா?" என்றாள் மாமியார். அந்தக் கேள்வியில் வீம்பு இல்லை, நடிப்பு இல்லை. பூட்டிப் பூட்டிக் காத்த பெட்டியைத் திறந்து காட்டினால், உள்ளே இருப்பது தன்னுடையதுதானா என்று தெரியாமல் விழித்தாள்.

மருத்துவமனை நாற்காலியில் அவளை உட்காரவைத்து, மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தாள் மருமகள்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும். சொன்னாத்தான் மருந்து."

"கண்டக்டர் வீட்டுக்காரி."

"அது மாமா பார்த்த வேலை."

"உன் புருஷனைப் பெத்தவ."

"அது அவரு பிறந்த கதை. உங்க பேரு?"

மாமியார் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள், சூடாக இருக்குமோ என்று பயந்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பதுபோல. மருமகள் மருந்தை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டிய நேரம். மூடிய இமைகளுக்குக் கீழிருந்து நீர் வழிந்தது. மருந்து என்றே இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

"எங்க அம்மா கூப்பிட்டதோட சரி," என்றாள் மாமியார். "அவர் 'இந்தா'ம்பார். கோவம் வந்தா 'ஏய்'. புள்ளைங்களுக்கு நான் அம்மா. தெருவுக்குக் கண்டக்டரம்மா. அப்புறம் உன்னைப் பொண்ணு பார்க்க வந்தோம். உங்க அப்பா வாசல்ல நின்னு உன்னைக் கூப்பிட்டார் பாரு. அந்தப் பேரை அவ்வளவு சத்தமா, அவ்வளவு ஆசையா ஒருத்தர் கூப்பிட்டு அன்னிக்குத்தான் கேட்டேன். எங்க அம்மாவே கூப்பிட்டாப்ல சட்டுன்னு எழுந்திருக்கப் போனேன். நீ உள்ளயிருந்து ஓடிவந்த. எரிஞ்சுது எனக்கு."

"அதனால எனக்கும் இல்லாம பண்ணிட்டீங்க."

"பண்ணிட்டேன்."

அழுதுகொண்டே காலில் விழுகிற கட்டம் இது என்று எதிர்பார்க்கிறீர்களா? மருமகள் இரங்கினாள், விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

"திருப்பிக் கொடுங்க அத்தை."

"கொடுத்துட்டா எனக்கு என்ன மிஞ்சும்?"

"பேரு என்ன ஒத்தைப் புடவையா, ஒருத்தி கட்டினா இன்னொருத்தி கட்ட முடியாம போறதுக்கு? கூப்பிட ஆளில்லாம உங்களுக்கே துருப்பிடிச்சுப் போனதை என் பொண்ணு தலையில எதுக்குக் கவுக்குறீங்க?"

மாமியாரின் முகம் இறுகியது. "வாய் ஜாஸ்தி உனக்கு. ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு என் பேருதான். பார்க்கலாம்."

"பார்க்கலாம். இப்போ பார்க்காதீங்க, கண்ணை மூடுங்க."

புரை முற்றியிருந்ததால் மாமியாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்காகப் பெயரிடும் நாளும் தள்ளிப்போயிற்று. மறுபடி குறித்த ஞாயிறு வந்தபோது மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு, கூடத்தின் நடுநாற்காலியில், விசாரிக்க வந்த நீதிபதிபோல் உட்கார்ந்திருந்தாள். உறவினர் பாய்களிலும் நாற்காலிகளிலும் நிறைந்திருந்தார்கள். நாத்தனார் குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டாள். பிஸ்கட் தட்டுகள் சுற்றிவந்தன. வழக்கம்போல மருமகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தெருவில் லாரிச் சத்தம் கேட்டது. தெருமுனையில் நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் வழியே பார்த்தாள்: வயதான அப்பா, ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு முன்பக்கம் ஏறி, மறுகையால் கோணியை விரித்துக்கொண்டிருந்தார். பேத்தியின் பெயரைக் கேட்க வந்த மனிதர், அதற்கு முன் மகளின் பெயரை மூடிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு. சொல்லிடலாமா?" என்றார் மாமனார். "பாப்பாவுக்கு என்ன பேருன்னா..."

மருமகள் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நாத்தனாரிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க மாமா. அந்தப் பேரோட சொந்தக்காரி இங்க ஒருத்தி இருக்கா. அவகிட்ட யாரும் கேக்கல."

வாசற்படி இறங்கித் தெருவில் நடந்தாள். "சின்னவளே! எங்கடி போற?" என்று நாத்தனார் கத்தினாள். அந்தப் பெயருக்கு அவள் திரும்பவில்லை. இனி எந்நாளும் திரும்பப் போவதில்லை. தேநீர்க் குவளைகளைக் கையில் பிடித்தபடியே கூட்டம் அவள் பின்னால் வந்தது. லாரி அதற்குள் வாசலை நோக்கி நகர்ந்து வந்து நின்றிருந்தது. குழந்தையை, லாரியிலிருந்து இறங்கிய அப்பாவின் கையில் கொடுத்தாள். முன்பக்கக் கம்பியில் கால்வைத்து ஏறினாள். ஏறிப் பழகிய இடம்தான். கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"அம்மாடி, வேணாம்மா, உன் வீட்டுக்காரங்க..." என்றார் அப்பா.

"அம்மாடி இல்லப்பா. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நீங்கதானே வச்சீங்க?"

கோணி சரிந்து விழுந்தது. நீலத்தின்மேல் மஞ்சள், முழ உயரம். வருடந்தோறும் அப்பா பெயின்ட் புதுப்பித்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தெருவுக்குள் மூடியே வந்த எழுத்தில் ஒரு கீறல் இல்லை.

லாரியின் மேலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"இது என் பேரு. பிறந்தப்ப கொடுத்தாங்க. என்னைக் கேட்காம எடுத்துக்கிட்டீங்க, நானும் சும்மா இருந்தேன். இனிமே 'சின்னவ'ன்னு கூப்பிட்டா நான் ஏன்னு கேட்க மாட்டேன். கூப்பிட்டுப் பாருங்க! என் பொண்ணுக்கு இந்தப் பேரும் வேணாம், இருக்கறவங்க, போய்ச் சேர்ந்தவங்க யாரோட பேரும் வேணாம். அவளுக்கு நானும் எங்க அப்பா மாதிரியே தனியா உட்கார்ந்து, சத்தமா சொல்லிப் பார்த்து ஒரு பேரு எடுத்து வச்சிருக்கேன்." அதைச் சொன்னாள். அப்பாவின் கையிலிருந்த குழந்தை அந்தப் பக்கம் திரும்பியது. சத்தத்துக்குத்தான் திரும்பியிருக்கும். திரும்பியதா இல்லையா?

"என்ன கொழுப்பு பாரு," என்று யாரோ ஆரம்பித்தார். மாமனார் கணவனைப் பார்த்தார். கணவன் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். பிறகு லாரியின் அருகே போய், கீழே கிடந்த கோணியை எடுத்து, மடித்து, சாக்கடை ஓரமாக வீசினான். அவனளவில் அது பெரிய சொற்பொழிவு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியார் முன்னால் வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "வெயில் படக் கூடாது!" என்று மாமனார் பதறினார். அவள் கேட்கவில்லை. புதுக்கண்ணால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடமிருந்து வலமாக, மெல்ல வாசித்தாள். தன் பெயரை இவ்வளவு பெரிதாக அவள் எங்கும் கண்டதில்லை.

"யாரு எழுதினது?" என்று சம்பந்தியைக் கேட்டாள்.

"எங்க ஊர் பெயின்டருங்க."

"நல்லா எழுதியிருக்கான்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "எங்கே, நீங்க அதைப் படிங்க."

"என்னது?"

"அங்க எழுதியிருக்கறதை. என்னைப் பார்த்துப் படிங்க."

வாழ்நாள் முழுதும் நிறுத்தம் நிறுத்தமாக ஊர்ப்பெயர்களை அடிவயிற்றிலிருந்து முழங்கிய மனிதர் வாயைத் திறந்தார். காற்று வந்தது, சொல் வரவில்லை. "இந்தா, நடுத்தெருவுல என்னது..." என்றார்.

"'இந்தா' இல்ல. படிங்க."

மூன்றாம் முயற்சியில், தொண்டையைச் செருமி, காது சிவந்து, முதன்முதலாக மனைவியின் பெயரைச் சொன்னார். மாமியார் "என்ன?" என்றாள். லாரியின் மேலிருந்த மருமகளும் "என்ன?" என்றாள்.

"பார்த்தியா, பார்த்தியா!" மாமனாருக்குப் போன குரல் திரும்பிவிட்டது. "இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்! ஒருத்தியைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புறீங்க!"

"திரும்புவோம்," என்றாள் மாமியார். "அதுக்கு என்ன இப்போ?" கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து, மருமகளை அவளுடைய பெயர் சொல்லி அழைத்தாள். "இறங்கு கீழ. தேத்தண்ணி ஆறுது. இன்னிக்கு அவரு ஊத்தட்டும்."

சாட்சிகளே, பார்த்துவிட்டீர்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதற்காகவா இத்தனை தூரம் அழைத்து வந்தது? உங்கள் சமையலறையில் இப்போது ஒருத்தி நிற்கிறாள். இந்தா என்றும், ஏய் என்றும், இன்னாரின் அம்மா என்றும் கோணி போர்த்தி வைத்திருக்கிறீர்கள். எழுந்திருங்கள். அவள் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தால், அந்த வெட்கம் உங்களுடையது. தாங்கிக்கொண்டு மறுபடி கூப்பிடுங்கள். அவள் "என்ன?" என்று கேட்டுத் திரும்பும்வரை நிறுத்தாதீர்கள்.